ஊர் போச்சு, பேர் நிக்குது

பர்ட்விசில். இப்படி ஒரு ஆங்கிலக் குடும்பப்பெயர் இருக்கு. அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேட்டதும் 'பேர்ட்', 'விசில்'னுதான் தோணும். பறவை மாதிரி விசிலடிச்ச தாத்தா யாரோ இருந்திருப்பாரோ? பாதி சரி. பறவை உண்டு, விசில் கிடையாது.

இது உண்மையில் ஓர் ஊர்ப்பெயர். வட இங்கிலாந்தின் லங்காஷயரில், பேடிஹம் பக்கம் இருந்த சின்ன ஊர். பழைய ஆங்கிலத்தில் 'பிரிட்' என்றால் பறவைக்குஞ்சு. 'ட்விஸ்லா' என்றால் இரண்டு ஓடைகள் சேரும் இடம், நம்ம பாஷையில் கூடுதுறை. ஆக, குஞ்சுகள் இருக்கும் கூடுதுறை!

ஊரைவிட்டுக் கிளம்பினவரைப் போன இடத்தில் ஊர்ப்பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க. பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு. ஊர் சின்னது, அதனால் பெயரும் அரிது.

காலப்போக்கில் 'ட்விஸ்லா'வுக்கு அர்த்தமே மறந்துபோச்சு. பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினாங்க. சிலர் எழுத்தில் அது 'பேர்ட்', 'விசில்' என்றே ஆனது. உடல்மொழி ஆய்வுக்கு 'கினீசிக்ஸ்' என்று பெயர் வைத்த அமெரிக்க மானிடவியலாளர் ரே பேர்ட்விசில் அப்படித்தான் எழுதினார். பழைய வடிவத்தோடு நின்றவர் இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விசில். 1934இல் அவர் பிறந்த அக்ரிங்டன், அந்தப் பழைய ஊரிலிருந்து சில மைல்தான்.

அந்த ஊர் இன்றைக்கு இல்லை. ஆனால் யாராவது ஒரு பர்ட்விசில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், அந்தக் கூடுதுறையும் குஞ்சுகளும் காகிதத்தில் வந்து உட்காருது.