கூரையிலிருந்து இறங்கிய சொல்

சாக்கடையைக் குறிக்கும் 'கட்டர்' என்ற ஆங்கில வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் நமக்கு, அதன் குலம் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டு போனால் சற்று ஆச்சரியமே மிஞ்சும். லத்தீன் பாஷையில் 'குட்டா' என்றால் ஒரு துளி, அவ்வளவுதான். அத்துளி பிரெஞ்சுக்காரர் வாயில் 'கூட்' என்று தேய்ந்து, ஓட்டுக் கூரையின் விளிம்பில் சொட்டுகிற மழைநீரை ஏந்தி ஒரு பக்கமாக வழியனுப்பும் பீலிக்குப் பெயராகி, நார்மானியப் பிரபுக்களின் கோட்டைகளோடும் மடாலயங்களோடும் இங்கிலாந்தில் குடியேறி, 1300-ஆம் வருஷத்தை ஒட்டி ஆங்கிலேயரின் ஏடுகளில் தலைகாட்டத் தொடங்கிற்று. ஆகவே அதன் ஜனன ஸ்தலம் தெருவன்று, கூரை. அது சுமந்ததும் கழிவன்று, ஆகாச கங்கை.

அதே துளியின் வம்சத்தில் வேறு சில கௌரவமான சந்ததிகளும் உண்டு. கிரேக்கரின் டோரிக் பாணிக் கோயில்களில், தூண்களுக்கு மேலே ஓடும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தால், மூன்று கோடு வரிந்த சிற்பப் பலகை ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு சின்னஞ்சிறு கல் முளைகள், சொட்டப் போவது போலவும் சொட்டாதது போலவும் வரிசையாகத் தொங்கும். சிற்ப சாஸ்திரிகள் அவற்றைத் 'துளிகள்' என்றே லத்தீனில் அழைக்கிறார்கள். கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் உயிர் போகிற 'கவுட்' என்னும் வாத நோய்க்கும், துர்நீர் சொட்டுச் சொட்டாக மூட்டில் இறங்குவதால் வருவது என்று பழைய வைத்தியர்கள் நம்பியதால் இதே துளிதான் பெயர் தந்தது. ராஜாக்களின் வியாதி என்று அதற்கு ஒரு பெருமையும் இருந்தது. புத்தகத்தின் இரு பக்கங்கள் கூடும் மடிப்போரத்து வெற்றிடத்தை அச்சுத் தொழிலாளர் 'கட்டர்' என்பதையும், மெழுகுவத்தி ஒரு பக்கமாக உருகி வழிந்தால் அதற்கும் இதே சொல் வினையாவதையும், இங்கே சொல்லிவிட்டு மேலே போகலாம்.

கூரையிலிருந்து தெருவுக்கு இறங்கிய பிறகுதான் இந்தச் சொல்லுக்குச் சனி பிடித்தது. பழைய லண்டன் தெருக்களில் பலவற்றில் வடிகால் இருபுறமும் ஓடவில்லை; நடுத்தெருவில், பாதையே இரு பக்கமிருந்தும் சரிந்து குழிந்த இடத்தில் ஓடிற்று. மேல்மாடி ஜன்னலிலிருந்து எறியப்பட்டதும், கசாப்புக் கடையில் கழுவப்பட்டதும், குதிரைகள் விட்டுச் சென்றதும் அதிலே கலந்து, மழை வந்தால் பிரவாகமாகப் புறப்படும். 1710-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய நகர மழைக் கவிதையில் அந்தப் பிரவாகம் செத்த பூனைகளையும் கிழங்குத் தழைகளையும் சுமந்துகொண்டு போகிற காட்சியை அருவருப்பும் சிரிப்புமாகப் படிக்கலாம்.

இப்படிப்பட்ட தெருவில் நடக்கிறவனுக்குச் சுவரோரமே சொர்க்கம். மேல்மாடி முன்னே நீண்டு மறைப்பதால் மேலேயிருந்து விழுவது படாது. தரை மேடாக இருப்பதால் கீழே ஓடுவதும் படாது. எனவே எதிரெதிரே வரும் இருவரில் சுவரோரம் யாருக்கு, சாக்கடை ஓரம் யாருக்கு என்பது அந்தஸ்தைப் பற்றிய கேள்வியாகி, சில சமயம் கத்தியை உருவுகிற வரையில் போயிற்று. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகம் தொடங்குவதே, இந்தச் சுவரோரத்தை எதிரி வீட்டாருக்கு விடமாட்டேன் என்று ஒரு வேலைக்காரன் வீரம் பேசுவதோடுதான். பிரெஞ்சுக்காரரோ, சமூகத்தில் மேல்நிலை வகிப்பவனை இன்றைக்கும் 'பாதையின் மேட்டுப் பக்கத்தைப் பிடித்திருப்பவன்' என்கிறார்கள். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 1762 முதல் இயற்றப்பட்ட சட்டங்களால் நடு வாய்க்கால் மூடப்பட்டு, இரு புறமும் ஓர வாய்க்கால்களும் உயர்ந்த நடைபாதைகளும் வந்தன. ஆனால் பள்ளத்துப் பக்கத்தில் நிற்பவன் கீழானவன் என்ற எண்ணம் மட்டும் கல்லோடு பெயர்த்தெடுக்கப்படவில்லை. அது வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவோரத்தில் பொறுக்கித் தின்று திரிந்த அநாதைக் குழந்தைகளுக்கு, சேற்றைக் கிளறி இரை தேடும் உள்ளான் குருவியின் பெயரைக் கூட்டிக் 'கட்டர் உள்ளான்' என்று நாமகரணம் செய்தார்கள். 1913-இல் முதன்முதலாக மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மாலியன்' நாடகத்தில் பூ விற்கும் பெண்ணைப் பேராசிரியர் வைகிற வசவும் இதுவே. அவள் செய்த குற்றம் ஏழையாய்ப் பிறந்ததும், ஏழைகள் பேசுகிற மாதிரி பேசியதும். மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் 'கட்டர் பத்திரிகை' என்று பட்டம் சூட்டியதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிதான். அழுக்கை உண்டாக்கியவன் மாடியில் இருக்க, அது ஓடுகிற வழிக்கு அருகே வசித்தவன் அதன் பெயரைச் சுமந்தான். எந்தப் பாஷையிலும் சில சொற்கள் உயர்வதும் சில தாழ்வதும் இயற்கையே, அதில் யாருடைய சதியும் இல்லை என்று பாஷா சாஸ்திரிகள் சொல்வதுண்டு, இருக்கலாம்.

பாதாளச் சாக்கடையைக் குறிக்கும் 'சூவர்' என்ற சகோதரச் சொல்லுக்கும் இதே கதிதான். லத்தீனில் 'தண்ணீரை வெளியேற்றுவது' என்ற பொருளில் பிறந்து, மீன் குளத்தின் மிகுதி நீர் வழிகிற கால்வாய்க்குப் பெயராயிருந்த அது, 1531-ஆம் வருஷத்து ஆங்கிலச் சட்டத்திலே வயல் வடிகாலையும் கடற்கரைக் கரைகளையும்தான் குறித்தது. லண்டனில் 1815 வரையில் வீட்டு மலத்தை அந்தக் கால்வாய்களில் விடுவதே விதிகளுக்கு விரோதம். விட அனுமதித்த பின் நடந்ததை, 1858-ஆம் வருஷத்துக் கோடையில் தேம்ஸ் நதிக்கரைப் பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளை, நாற்றம் தாங்காமல், குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட நேர்ந்த சரித்திரம் சொல்லும்.

அந்தக் கால்வாய்களுக்குள் இறங்கிப் பிழைத்தவர்களை லண்டன் பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ 1851-இல் வெளிவந்த தம் நூலில் கிட்ட இருந்து காட்டுகிறார். பெரிய பெரிய பைகள் வைத்துத் தைத்த எண்ணெய்ப் பிசுக்கேறிய நீண்ட கோட்டு, கித்தான் கால்சட்டை, மார்பிலே கட்டிய லாந்தர், கையிலே ஏழெட்டு அடி நீளக் கழி, அதன் நுனியில் ஓர் இரும்புக் கொத்து. சேற்றில் கால் புதைந்தால், அந்தக் கொத்தை எட்டினதில் மாட்டித்தான் தம்மை இழுத்துக்கொள்வார்களாம். செங்கல் இடுக்கில் சிக்கிய நாணயமும் செம்புத் துண்டுமே அவர்கள் தேடிய புதையல். உள்ளே போகிறவனைக் காட்டிக்கொடுத்தால் ஐந்து பவுன் சன்மானம் என்றிருந்தது. அவர்கள் முகமோ ரத்த ஓட்டத்தோடு சிவந்திருந்தது என்று மேஹ்யூ வியக்கிறார். வியப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர்கள் சொன்னதையும் எழுதி வைத்தாரே, அதுதான் விசேஷம்.

'கட்டர்' என்ற சொல் பிறகு கப்பலேறி நம் தேசத்துக்கும் வந்தது. ஹிந்தியிலும் குஜராத்தியிலும் 'கட்டர்' இன்று வீட்டுச் சொல். பம்பாயில் அது கூரைப் பீலியையோ ஓர வாய்க்காலையோ மட்டும் குறிக்காமல், இரும்பு மூடிக்குக் கீழே ஆள் இறங்குகிற ஆழத்தையும் குறிக்கிறது. அப்படி இறங்கி விஷவாயுவில் மாண்டவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-இலும், முப்பது லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. இதற்கென்றே 2013-இல் வந்த சட்டத்தில் 'அபாயகரமான துப்புரவு' என்ற தொடருக்கு ஓர் அர்த்தம் எழுதியிருக்கிறார்கள். ஆள் இறங்குவது அபாயம் என்று அதில் இல்லை. பாதுகாப்புச் சாதனங்களைக் கொடுக்காமலும் முன்னெச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்காமலும் இறக்கினால்தான் அபாயம் என்று இருக்கிறது.