திரும்பும் வழி

என்னிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. 1960-களில் ஓடத் தொடங்கிய வண்டி அது. அதற்கு முந்திய கார்கள் பலவற்றில், திரும்பும் பக்கத்தைக் காட்ட ஒரு சிறு கை வெளியே நீளும். மோரிஸ் மைனர் காரில் 1961 வரை அந்தக் கைதான் இருந்தது. என் வண்டியில் கை இல்லை. விட்டுவிட்டு ஒளிரும் மஞ்சள் விளக்குகள் உண்டு. அவை ஒரு நாள் பொய் சொல்லின. அந்தப் பொய்யின் காரணத்தைத் தேடிக் கண்ட கதையை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விளக்கு வைக்கும் நேரம். வீட்டை நெருங்கிய நான் பிரேக்கை மிதித்து வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினேன். பின்னால் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் வண்டியில் மோதி விழுந்தார். நல்ல வேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. தூக்கி நிறுத்தியதும், "என்ன தம்பி, வலப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு இடப்பக்கம் வருகிறீர்களே!" என்றார். நான் எந்தச் சைகை விளக்கையும் போடவில்லை. வீட்டு வாசல்தானே என்ற அலட்சியத்தால் இடப்பக்கச் சைகையையும் காட்டவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் வலப்பக்க விளக்கு எப்படி எரிந்தது?

வண்டி ஓட்டுபவன் தன் பின்விளக்கைத் தானே காண முடியாது. ஆகவே மறுநாள் என் மகளைப் பின்னால் நிறுத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். "இடப்பக்கச் சிவப்பு பளிச்சென்று எரிகிறது, அப்பா. வலப்பக்கச் சிவப்பு மங்கல், பக்கத்திலுள்ள மஞ்சளும் மங்கலாக எரிகிறது" என்றாள். முன்னால் போய்ப் பார்க்கச் சொன்னேன். முன்புற வலது மஞ்சளிலும் அதே மங்கல் ஒளி. பிரேக்கை விட்டு, வலப்பக்கச் சைகையைப் போட்டேன். அதன் துடிப்பு வழக்கம்போல் இல்லை. அத்துடன் இடப்பக்கப் பிரேக் விளக்கும் மெல்லக் கண் சிமிட்டிற்று.

பல்பை மாற்றினேன், பயனில்லை. விளக்கைத் துடிக்கச் செய்யும் பிளாஷர் என்னும் சிறு கருவியையும் புதிதாக வாங்கி மாட்டினேன், அதனாலும் பயனில்லை. யோசிக்காமல் பொருளை மாற்றுவது பணத்துக்குக் கேடு என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

மின்சாரம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, விளக்கைக் கடந்து, மீண்டும் பாட்டரிக்கே வந்து சேர வேண்டும். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் போவதற்குத்தான் தனிக் கம்பி உண்டு. திரும்பும் வழி வண்டியின் இரும்பு உடம்பே. என் வண்டியில் பின்புறச் சிவப்பும் மஞ்சளும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அமர்ந்து, அந்தக் கூட்டின் வழியாகவே உடம்பைத் தொடுகின்றன. அந்தத் தொடர்பு அற்றுவிட்டால் என்ன ஆகும்? வயலின் வடிகால் அடைபட்டால் நீர் வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதுவே நேர்ந்தது. பிரேக் விளக்கின் இழையைக் கடந்து கூட்டுக்கு வந்த மின்னோட்டம், உடம்புக்குப் போக வழியின்றி, பக்கத்து மஞ்சள் விளக்கின் இழைக்குள் புகுந்து, அதன் கம்பி வழியே முன்புற மஞ்சளுக்கு ஓடி, அங்கே உடம்பை அடைந்தது. மூன்று இழைகளும் வரிசையாக அமைந்ததால், 12 வோல்ட்டைப் பங்கிட்டு ஒவ்வொன்றும் சுமார் 4 வோல்ட்டே பெற்றது. அதனால்தான் மங்கல். சைகையைப் போட்டபோது இதே வழியில் எதிர்த்திசையில் ஓடி, இடப்பக்கப் பிரேக் விளக்கைத் தீண்டிற்று.

எண்ணியதைச் சோதித்தும் பார்த்தேன். ஒரு கம்பித் துண்டின் ஒரு முனையைக் கூட்டிலும் மறு முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இரும்பிலும் வைத்து, மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். வலப்பக்கச் சிவப்பு பளிச்சிட்டது, மஞ்சள் அணைந்தது! கூட்டைக் கழற்றினேன். சில மாதங்களுக்கு முன் வண்டிக்குப் புது வண்ணம் பூசியிருந்தார்கள். கூட்டு பொருந்தும் இடத்திலும் வண்ணம், திருகாணியில் துரு. இரண்டுமே மின்சாரத்துக்குத் தடை. அவற்றைச் சுரண்டி, திருகாணியை மாற்றி இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினேன். அரை மணி நேர வேலை. பெரியவரின் சிராய்ப்புக்கு அதுதான் காரணம்.

தொடர்பு முழுவதும் அறாமல், பாதி அறுந்தாலும் கேடுதான். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். அப்போது அதன் மின்தடை ஏறத்தாழ 7 ஓம். ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். துருப்பிடித்த இணைப்பில் ஒரே ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது சுமார் பத்தரை வோல்ட். ஒளியோ வோல்ட்டைவிட வேகமாகக் குறையும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது. பின்னால் வருபவனுக்கு அதுவே உயிர்.

விளக்கு எரியாவிட்டால் மின்சாரம் வந்து சேர்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். அது திரும்பிப் போக வழியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாதம் ஒரு முறையாவது வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி, அவர் கண்ணால் உங்கள் விளக்கைக் காணுங்கள்.