டி.எம்.சி. என்றால் எவ்வளவு தண்ணீர்?

பத்திரிகைக்கோ தொலைக்காட்சிக்கோ எழுத வர நினைக்கும் பிள்ளைகள், டீயைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் மொழியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நல்ல நடை எப்படி வரும், யாரையெல்லாம் படிக்க வேண்டும் என்பார்கள். நடை வரும். விடாமல் எழுதினால் ஓரளவுக்கு யாருக்கும் வந்துவிடும். நான் அவர்களிடம் தேடுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி எதிரில் இருப்பவரிடம் கேட்கிற மனசு இருக்கிறதா என்பதை. ஊடக எழுத்துக்கு வேண்டிய குணங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். மற்ற குணங்களில் பலவும் இதிலிருந்து கிளைப்பவைதான்.

நிதானமாகவே சொல்கிறேன்.

நம் நாளிதழ்களில் மேட்டூர் அணை நிலவரம் வராத நாள் அரிது. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. என்று எண்கள் வரிசையாக இருக்கும். அதிகாரிகள் தரும் குறிப்பை அப்படியே அடித்து அனுப்பிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் படிக்கிற மன்னார்குடி விவசாயிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?

அதைச் சொல்ல வேண்டுமானால் டி.எம்.சி. என்பது எழுதுகிறவருக்கு முதலில் புரிந்திருக்க வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது 100 கோடி கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28.3 லிட்டர். ஆக, ஒரு டி.எம்.சி. சுமார் 2,830 கோடி லிட்டர். இனி, அணையிலிருந்து விநாடிக்கு 12,000 கன அடி திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 104 கோடி கன அடி. நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல்! மேட்டூரின் முழுக் கொள்ளளவு, 120 அடி நிற்கும்போது, 93.47 டி.எம்.சி. நிரம்பிய அணையைத் திறந்துவிட்டு, வரத்து ஒரு சொட்டும் இல்லாமல் போனால் கணக்குப்படி 90 நாள் தாங்கும். அடித்தண்ணீர் முழுவதையும் எடுக்க முடியாது என்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. குறுவை நெல்லுக்கோ நூறு நாளுக்கு மேல் தண்ணீர் வேண்டும். வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 அன்று அணை நிரம்பியிருந்தால்கூட, கர்நாடகத்திலிருந்து மாதாமாதம் வரவேண்டிய தண்ணீருக்காக ஏன் இவ்வளவு போராட்டம் என்பது இந்த இடத்தில்தான் வாசகருக்கு உறைக்கும்.

இதில் கடினமான கணக்கு ஏதாவது இருந்ததா? வெறும் பெருக்கல், வகுத்தல். கடினமானது, பிரஸ்மீட்டில் இருபது பேர் நடுவில் எழுந்து, "சார், ஒரு டி.எம்.சி.ன்னா எவ்வளவு தண்ணி? புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்பது. பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரோ என்ற கூச்சம் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். கேட்காமல் வந்தவருடைய குழப்பம் அச்சாகி, மறுநாள் காலை எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

தினமணியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன், 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரம் எழுதினார். அவர் வைத்துக்கொண்ட இன்னொரு புனைபெயர் 'ஒண்ணேகால் ஏக்கர் பேர்வழி'. அந்தப் பெயரைப் பாருங்கள். ஒண்ணேகால் ஏக்கர் வைத்திருப்பவன் எங்கிருந்து பார்க்கிறானோ, அந்த இடத்தில் உட்கார்ந்து நாட்டுக் கணக்கைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்ட மனிதர் அவர். முதுமையிலும் புதிதாக மொழி கற்கிற ஆர்வம் அவருக்கு இருந்தது. கற்பதை நிறுத்தாதவருக்குத்தான் கற்றுக்கொடுக்கும் மொழி கைவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது, கேட்ட பிறகு காத்திருக்கிற பொறுமை. இதற்குப் பத்திரிகையாளர் பி. சாய்நாத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நல்கை ஒன்றைப் பெற்று, நாட்டின் மிக ஏழை மாவட்டங்களில் சுற்றினார். அவற்றில் நம்முடைய ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் உண்டு. விவசாய வேலை இல்லாத மாதங்களில் ஏழைகள் எப்படி வயிற்றைக் கழுவுகிறார்கள் என்பதுதான் அவர் கையில் இருந்த கேள்வி. அறுவடைக் காலத்தில் போயிருந்தால் எல்லா ஊரும் ஓரளவு செழிப்பாகத்தான் தெரிந்திருக்கும். எந்த மாதத்தில் போய்ப் பார்ப்பது என்பதிலேயே ஒரு நிருபரின் அக்கறை தெரிந்துவிடும். ராமநாதபுரத்தில் ஒரு பனையேறி எத்தனை மரம், எத்தனை தடவை ஏறுகிறார் என்று பார்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 அடி ஏறி இறங்குகிறார் என்று எழுதினார். 'கடும் உழைப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். அந்த இரண்டு சொற்களை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டையில் அவர் எழுதியது சைக்கிள் கதை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதையும் அதன் பகுதியாக்கினார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள் என ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கிளம்பி வருகிற நிருபருக்கு இவ்வளவே போதும், செய்தி தயார். சாய்நாத் இன்னும் கொஞ்சம் கேட்டார். ஏன் சிலர் 'ஜென்ட்ஸ்' சைக்கிளே வேண்டும் என்கிறார்கள்? லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பது ஒரு காரணம். இன்னொன்று, சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். அலுவலக அறிக்கை எதிலும் இது இருக்காது. சைக்கிள் ஓட்டுகிற தாயிடம் நின்று பேசினால்தான் கிடைக்கும். அவரைத் தகவல் தரும் இயந்திரமாக நினைக்காமல், தன் வாழ்க்கையைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர் என்று மதித்தால்தான் அந்த இரண்டாவது கேள்வியே வாயில் வரும்.

சரிபார்ப்பதைப் பற்றி நீட்டப் போவதில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது. ஏற்கெனவே இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஜனங்களை அது எவ்வளவு கலங்கடித்திருக்கும் என்று யோசியுங்கள். பண்ணைக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும், அது வதந்தி என்று தெரிந்திருக்கும். அவர்களே மறுப்பும் வெளியிட்டார்கள். முந்தித் தர வேண்டும் என்ற அவசரத்துக்கும் அந்த ஒரு போனுக்கும் இடையில் எழுதுகிறவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவருடைய குணம். இனிஷியல், வயது, ஊர்ப் பெயர் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது நம் நாட்டில்! எந்தப் புதூர் என்று எழுதாத செய்தி, ஏதோ ஒரு புதூர்க்காரரைச் சந்தேகத்தில் நிறுத்திவிடும்.

எழுதாமல் விடுகிற இரக்கத்தையும் நான் பெரிய குணமாகக் கருதுகிறேன். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஊர், அப்பாவின் தொழில், படிக்கும் வகுப்பு, பள்ளிக்கூடத்தின் அடையாளம் என்று அடுக்குகிற செய்திகள் இன்னமும் வருகின்றன. அந்தத் தெருவுக்கு வேறென்ன வேண்டும்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் வரை எதுவும் குழந்தையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் படிக்காமலேயே, 'இது என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்?' என்று ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிப்பவருக்கு இந்தப் பிரிவு முழுவதும் புரிந்துவிடும்.

துணிச்சலைப் பற்றிக் கேட்பீர்கள். 1987-இல் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, சிறைக்குப் போனார். எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களிலேயே விடுவித்தார்கள். அப்படியொரு சோதனை எல்லோருக்கும் வருவதில்லை. தினசரி வருவது சிறியது: தெரிந்தவர் போன் செய்து "அந்த மேட்டரை மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்பார், அன்பாகத்தான் சொல்வார். அந்த அன்புக்கு மரியாதையாக முடியாது என்று சொல்லப் பழகுங்கள். தாலுகா நிருபர்களுக்கு இது சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிடப் பல மடங்கு கஷ்டம், ஏனென்றால் போன் செய்தவரை மறுநாள் அதே கடைவீதியில் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அவர்களுடைய துணிச்சலுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை கொடுக்கவில்லை.

இவ்வளவும் தனக்கு இருக்கிறதா என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஒரு வேலை சொல்கிறேன். திங்கள்கிழமை காலை உங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். மனுவோடு காத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் யார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டு, புரியாததை மறுபடி கேட்டு, வீட்டுக்கு வந்து 300 சொற்களில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று அவர் சொன்னால், தயங்காமல் இந்த வேலைக்கு வாருங்கள்.