போகும்போது யாரும் காசு கேட்பதில்லை

பினாங்கு ஃபெரியில் முன்பு பட்டர்வொர்த்தில் ஏறும்போதுதான் காசு வாங்குவார்கள். தீவிலிருந்து திரும்பும்போது இலவசமாக இருந்தது. மத்தியதரைக் கடலில் இருக்கும் கோசோ தீவில் இது அப்படியே தலைகீழ். போகும்போது நேராகக் கப்பலில் ஏறி உட்காரலாம், திரும்பும்போதுதான் கட்டணம். நான் போனபோது 4 யூரோ 65 சென்ட். தீவுவாசிகளுக்கு 1 யூரோ 15 சென்ட்தான்.

கோசோ, மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு. பெரியது என்றாலும் பரப்பளவு 67 சதுர கிலோமீட்டர்தான். பினாங்குத் தீவில் கால்வாசிகூட இல்லை. மக்கள் தொகை நாற்பதாயிரத்தை நெருங்குகிறது. தலைநகர் வலெட்டாவிலிருந்து 41ஆம் எண் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போனால், நிலம் முடியும் இடத்தில் சிர்கெவ்வா படகுத்துறை வருகிறது. 1964 வரை பிரிட்டிஷார் ஆண்ட நாடு என்பதால் நம்மைப் போலவே இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அதில் ஒரு சின்ன நிம்மதி.

கப்பலின் கீழ்த்தளம் கார்களுக்கும் லாரிகளுக்கும். வண்டிகள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும். மேல்தளத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை. பட்டாணி மசியல் வைத்த ‘பஸ்திட்சி’ ஒன்று வாங்கினேன். நம் கறிபாப்புக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்; எண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளம். பயணம் 25 நிமிடம். வலப்பக்கம் கொமினோ என்ற குட்டித்தீவும், அதன் மேட்டில் 1618இல் கட்டிய காவல் கோபுரமும் நகர்ந்து போயின. சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்தோம்.

என் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, மடியில் காய்கறிப் பையோடு இருந்தார். மலேசியா என்றதும் பேச்சு மொழிக்குத் தாவியது. மால்டா மொழி அரபு வேரிலிருந்து வந்தது, ஆனால் எழுதுவது ரோமன் எழுத்தில். கிழமைகளைச் சொல்லச் சொன்னேன். வியாழன் ‘இல்-ஹமிஸ்’, சனி ‘இஸ்-சிப்ட்’, ஞாயிறு ‘இல்-ஹத்’. நான் காமிஸ், சப்து, அஹாட் என்று மலாயில் சொன்னதும், பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.

அவருடைய மகளுக்கு மால்டா பக்கம் வேலை. தினமும் பேருந்தும் கப்பலுமாக அலைந்து பார்த்துவிட்டு, இப்போது அங்கேயே வாடகைக்கு இருக்கிறாராம். வெள்ளி இரவுதான் வீட்டுக்கு வருவார். காற்று பலமாக அடித்துக் கப்பல் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. 2021இல் வலெட்டாவிலிருந்து நேராக வரும் விரைவுப் படகு தொடங்கியது, முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் கடல் கொந்தளித்தால் அதுவும்தான் நிற்கும்.

அதனால்தான் கடலுக்கு அடியில் சுமார் 13 கிலோமீட்டருக்குச் சுரங்கப்பாதை போட வேண்டும் என்ற பேச்சு. 2019இல் மால்டா நாடாளுமன்றம் ஆதரித்தது. இன்னும் தோண்டவில்லை. சுரங்கம் வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். “வந்தால் என் மகள் தினமும் சாப்பிட வீட்டுக்கு வருவாள்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மற்ற எல்லாரும்கூட வருவார்கள்” என்றார்.

இந்தத் தயக்கம் வெறும் பழமைப் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. மால்டா பக்கம் எங்கு திரும்பினாலும் கிரேன்களும் அடுக்குமாடிகளும். கோசோவிலும் அவை வரத் தொடங்கிவிட்டன. ஆனாலும் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இன்னும் வயல் இருக்கிறது. அதே சமயம், சுற்றுலாப் பயணிக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு மகள் வாரம் முழுக்க வாடகை அறையில் கிடக்க வேண்டுமா? பினாங்கில் 1985இல் பாலம் வந்தபோது வேண்டாம் என்று சொல்ல நமக்கு மனம் வந்திருக்குமா?

இம்ஜார் துறைமுகத்தில் இறங்கி, தீவின் நடுவில் உள்ள விக்டோரியாவுக்குப் போனேன். மகாராணியின் பொன்விழாவுக்காக 1887இல் வைத்த பெயர் அது; உள்ளூர்க்காரர்கள் ரபாத் என்றுதான் சொல்கிறார்கள். குன்றின் மேல் கோட்டை. 1551இல் துருக்கியப் படை வந்தபோது தீவு மக்கள் இதற்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். கோட்டை விழுந்தது. சுமார் 5,000 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். தீவு கிட்டத்தட்ட காலியானது. அதன்பின் குடியேறியவர்கள் 1637 வரை, இரவானால் கோட்டைக்குள் வந்து படுக்க வேண்டும் என்பது சட்டம். கடல் காப்பாற்றும் என்று இந்த ஊரில் யாரும் எளிதில் சொல்லிவிட மாட்டார்கள்.

பிரமிடுகளுக்கும் மூத்த ஜிகந்தியா கோயில்களை மறுநாள் பார்த்தேன். படங்களில் புகழ்பெற்ற ‘நீலச் சாளரம்’ என்ற பாறை வளைவு 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்தைப் பார்க்கவும் பேருந்து நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். முடிந்தால் ஞாயிறு இரவு தங்கிப் பாருங்கள். திங்கள் விடியற்காலைக் கப்பலில் மாணவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், தாதியர் எல்லாரும் இருப்பார்கள். பாதிப் பேர் தூக்கத்தில். கொமினோ கடந்து போகும்போது சன்னல் பக்கம் யாரும் தலையைத் திருப்பவில்லை.