டாக்டர் காது கொடுத்துக் கேட்டாரா? கணிப்பொறி போடும் மதிப்பெண்

சிவகங்கை மாவட்டத்து ஒக்கூரை நீங்கள் தமிழ்ப் பாடத்தில் அறிந்திருப்பீர்கள். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அது. அந்த ஊரிலிருந்து ஒரு அப்பத்தா டாக்டரைப் பார்க்கப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

“மேலுக்கு முடியலைய்யா. நெஞ்சு என்னமோ கரிக்குது...”

அவர் முடிப்பதற்குள் டாக்டர் குறுக்கிடுகிறார். “எத்தனை நாளா? காரம் அதிகம் சாப்பிடுவீங்களா? சுகர் இருக்கா?” அப்பத்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொல்கிறார். வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை கிடைக்கிறது. “படியேறினா இடது கை கடுக்குது” என்று அடுத்தபடியாகச் சொல்ல நினைத்ததை அவர் சொல்லவே இல்லை. அது இதய நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்! இந்த டாக்டருக்கு மருத்துவ அறிவு குறைவா? இல்லை. அவர் கேட்கத் தவறிவிட்டார், அவ்வளவுதான்.

பதினெட்டு நொடிகள்

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1984இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள், டாக்டரும் நோயாளியும் சந்தித்துப் பேசிய 74 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். முழுவதும் பேச விடப்பட்டவர்களோ, எவருமே 150 நொடிகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டரை நிமிடம் பொறுத்திருந்தால் போதும்!

ஆகவே, பேசுவதும் கேட்பதும் மருத்துவக் கல்லூரியில் கற்பிக்க வேண்டிய பாடம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நம் நாட்டில் 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்களிலிருந்து மனப்பாங்கு, நெறிமுறை, தொடர்பாடல் ஆகியவை பாடத்திட்டத்தில் முறையாக இடம்பெற்றன. ‘ஏட்காம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பாடம், 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி உட்பட நாட்டின் மருத்துவக் கல்லூரிகளுக்கு உரியது.

நடிக்கும் நோயாளி

சரி, பாடம் என்றால் தேர்வு வேண்டுமே! உடற்கூறு இயலை எழுத்துத் தேர்வில் சோதிக்கலாம். பரிவை எப்படிச் சோதிப்பது?

இதற்கு 1963இல் அமெரிக்காவில் ஹோவர்டு பேரோஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் ஒரு வழி கண்டார். நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியைப் போல நடிக்க வைத்தார். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ரொனால்டு ஹார்டனும் அவருடைய குழுவினரும் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். மாணவர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வார். ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை. தேர்வாளர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பெயர் சொல்லி வணங்கினாரா? நோயாளியை முடிக்க விட்டாரா? மருந்தைப் புரியும்படி விளக்கினாரா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்.

முறை நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மாணவர்கள், ஆளுக்கு 5 மேசைகள், மேசைக்கு 8 நிமிடம் என்றால் 4,000 நிமிடங்கள். அதாவது 66 மணி 40 நிமிடம்! காலையில் உற்சாகமாக இருக்கும் தேர்வாளர் மாலையில் களைத்துப் போகிறார். ஒருவர் தாராளம், இன்னொருவர் கறார். இங்கேதான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது.

கணிப்பொறி எப்படி மதிப்பிடுகிறது?

முதல் படி, பேச்சை எழுத்தாக்குவது. இரண்டாவது, யார் எவ்வளவு நேரம் பேசினார், எத்தனை முறை குறுக்கிட்டார் என்று அளப்பது. மூன்றாவது, கேள்விகளின் வகையைப் பிரிப்பது. “வலி இருக்கா?” என்பது மூடிய கேள்வி, ஆம், இல்லை என்று முடிந்துவிடும். “என்ன செய்யுது, சொல்லுங்க” என்பது திறந்த கேள்வி. கடைசியாக, தேர்வாளரின் அதே பட்டியலைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் உரையாடலில் சான்று தேடச் சொல்வது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தினர், நடிப்பு நோயாளியைப் பார்த்தபின் மாணவர்கள் எழுதும் குறிப்புகளை இப்படித் திருத்தும் முறையை 2024இல் விவரித்தார்கள். ஆனால், எழுதிய குறிப்பைத் திருத்துவது வேறு; பேச்சின் பரிவை அளப்பது வேறு. இரண்டாவது மிகக் கடினம்.

எண்பது சதவீதம் போதுமா?

கணிப்பொறியின் தீர்ப்பை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 100 உரையாடல்களை ஆசிரியரும் கணிப்பொறியும் தனித்தனியே மதிப்பிடுவதாகக் கொள்வோம். 70இல் இருவரும் ‘தேர்ச்சி’ என்கிறார்கள். 10இல் இருவரும் ‘தோல்வி’ என்கிறார்கள். மீதி 20இல் கருத்து வேறுபாடு. ஆளுக்குப் பத்தில் ஒருவர் தேர்ச்சி, மற்றவர் தோல்வி. ஒற்றுமை 80 சதவீதம். பலே என்று தோன்றுகிறதல்லவா?

அவசரப்படாதீர்கள்! இருவருமே 100க்கு 80 பேரைத் தேர்ச்சி பெறச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே அளவில் தீர்ப்புச் சொன்னாலும் 0.8 × 0.8 + 0.2 × 0.2 = 0.68, அதாவது 68 சதவீத ஒற்றுமை தற்செயலாகவே வந்துவிடும். இந்தத் தற்செயலைக் கழிக்க 1960இல் ஜேக்கப் கோஹன் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி (0.80 − 0.68) ÷ (1 − 0.68) = 0.375. முழு ஒற்றுமைக்கு 1 என்றால், நம் கணிப்பொறிக்குக் கிடைத்தது பாதிகூட இல்லை!

அப்பத்தாவின் தமிழ் புரியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. 2020இல் அமெரிக்காவில், பேச்சை எழுத்தாக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் சராசரியாக 100 சொல்லுக்கு 19 பிழை. கறுப்பின மக்கள் பேச்சில் 35 பிழை. காரணம், கருவிகளைப் பழக்கிய ஒலிப்பதிவுகளில் அவர்களுடைய பேச்சு போதிய அளவு இல்லாததே என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இப்போது ஒக்கூருக்குத் திரும்புங்கள். “மேலுக்கு முடியலை” என்றால் உடம்பு சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். செய்தி வாசிக்கும் தமிழில் மட்டும் பழகிய கணிப்பொறி, ‘மேலே’ எதையோ தேடும்! கரிக்குது, கடுக்குது, குத்துது, பிசையுது, சுருக்குங்குது: ஒவ்வொன்றும் ஒரு தனி வலி. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.ஃபார்பாரத்’ ஆய்வுக் குழு, தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளில் பல மாவட்டத்து மக்களின் பேச்சைப் பதிவுசெய்து திரட்டி வருவது இத்தகைய குறையைத் தீர்க்கத்தான்.

மேலும், மதிப்பெண் எதற்கு என்று தெரிந்துவிட்டால் மாணவர் அதற்கேற்ப நடிப்பார். “உங்கள் கஷ்டம் புரிகிறது” என்று மூன்று முறை ஒப்பித்தால் கணிப்பொறி மகிழலாம், அப்பத்தா மகிழ்வாரா? சில வேளைகளில் டாக்டரின் மௌனமே மிகப் பெரிய பரிவு. ஆகவே கணிப்பொறி பயிற்சிக்கு நல்ல துணை. நள்ளிரவிலும் சலிக்காமல், “நீ நான்கு முறை குறுக்கிட்டாய்” என்று சுட்டிக்காட்டும். ஆனால் ஒரு மாணவரின் தேர்ச்சியை முடிவு செய்யும்போது ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். நோயாளியின் சொல்லுக்கும் அங்கே இடம் வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

இன்று மாலை கைக்கடிகாரத்துடன் உங்கள் பாட்டியிடம் உட்காருங்கள். “உடம்புக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். குறுக்கிடாதீர்கள். எத்தனை நொடி பேசினார்? வலிக்கு எத்தனை சொற்கள் சொன்னார்? எழுதி வையுங்கள். அந்தப் பட்டியல் நாளைய கணிப்பொறிக்கும் வேண்டும். நாளை டாக்டராகப் போகும் உங்களில் சிலருக்கோ இன்னும் அதிகம் வேண்டும்.