ஊருக்கு ஒரு ஜாதகம்!

பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுகிறோம். ஊருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. அது எது தெரியுமா? ஊரின் நிலப்படம்தான்!

எந்த வயல் எங்கே முடிகிறது? எது பொது வழி? ஏரி எதுவரை பரந்திருக்கிறது? வாய்க்கால் எந்தப் பக்கமாக ஓட வேண்டும்? இத்தனைக்கும் அந்தப் படத்தில் பதில் இருக்கிறது.

முன்பெல்லாம் அது தாலுகா ஆபீஸ் பீரோவில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். கரையான் அரித்தது போக மிச்சம்தான் கைக்கு வரும். இன்று அந்தப் படம் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது. செல்போனிலும் வந்துவிட்டது. தெரு விளக்கைப் பழுது பார்ப்பதிலிருந்து வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதுவரை, படத்தைப் பார்த்து வேலை செய்யும் காலம் வந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ‘ஜி.ஐ.எஸ்.’ என்று பெயர். தமிழில் ‘புவியியல் தகவல் முறை’ என்கிறார்கள். பெயர்தான் பெரிது. விஷயம் எளிது!

அடுக்கி வைத்த தாள்கள்

கண்ணாடி போன்ற மெல்லிய தாள்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஊரின் தெருக்களை வரையுங்கள். இன்னொன்றில் குடிதண்ணீர்க் குழாய்களை வரையுங்கள். மூன்றாவதில் விளக்குக் கம்பங்கள். நான்காவதில் வீடுகள். ஐந்தாவதில் மேடு, பள்ளம்.

இப்போது ஐந்து தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்தத் தெருவில் குழாய் இல்லை? எந்த வீடு பள்ளத்தில் இருக்கிறது? எந்த மூலை இருட்டாகக் கிடக்கிறது? எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் செய்வதும் இதைத்தான். ஐந்து தாள் அல்ல, ஐம்பது தாளைக்கூட அது அடுக்கும். கம்பத்தின் புள்ளியைத் தொட்டால், அதை எப்போது நட்டார்கள், கடைசியாக எப்போது பழுது பார்த்தார்கள் என்பதையும் சொல்லும். யாராவது எழுதி வைத்திருந்தால்தான்!

1960-களில் கனடா நாட்டில் ரோஜர் டாம்லின்சன் என்பவர் இந்த முறையைத் தொடங்கினார். பரந்து கிடந்த அந்த நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்க அது பயன்பட்டது. அன்று ஒரு தேசத்துக்காகப் பிறந்த கருவி, இன்று கிராமப் பஞ்சாயத்துவரை வந்திருக்கிறது.

பந்தியில் கடைசி இலை

விழுப்புரத்துக்கு வடமேற்கே பனமலை என்று ஓர் ஊர். ஊரில் ஒரு குன்று. குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோவில். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோவிலைக் கட்டியவனும் அவன்தான். பனமலைக் கோவிலில் பல்லவர் காலத்து உமையின் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதைக் காண வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

உள்ளூர்க்காரர்களின் கண் வேறொன்றின்மேல் இருக்கும். அது பனமலை ஏரி!

இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கால்வாய் இருக்கிறது. பெயர் நந்தன் கால்வாய். திருவண்ணாமலை மாவட்டத்தில், கீரனூர் அருகே துரிஞ்சலாற்றில் அது புறப்படுகிறது. வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டே வருகிறது. மொத்தம் 36 ஏரிகள். கடைசி ஏரி எது? பனமலைதான்!

கல்யாணப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். முன் இலைகளுக்குப் பரிமாறிய பிறகுதான் அவருக்கு வரும். நடுவில் எங்கே தடை வந்தாலும் அவர் இலை காலியாகக் கிடக்கும். கால்வாயின் நடுவில் மண் மேடிட்டால், கரை உடைந்தால், யாராவது வேலியைத் தள்ளிப் போட்டால், காயப்போவது கடைமடை.

சரி, தடை எங்கே இருக்கிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கால்வாய் இரண்டு மாவட்டங்களில் ஓடுகிறது. பல கிராமங்களைத் தாண்டி வருகிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் தனிப் படம். ஓர் ஊரின் எல்லையோடு அந்த ஊர்ப் படம் முடிந்துவிடும். தண்ணீருக்கோ எல்லை கிடையாது!

இங்கேதான் புது முறை கைகொடுக்கிறது. கிராமப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டித் தைத்துவிட்டால் கால்வாய் முழுவதும் ஒரே கோடாகத் தெரியும். அதன்மேல் செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் போட்டுப் பார்க்கலாம். பழைய படத்தில் வாய்க்கால். புதுப் படத்தில் அதே இடத்தில் பயிர் அல்லது கட்டடம். அப்படியானால் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்துவிடும். பூமியைப் படம் எடுக்க இந்தியா 1988-ல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ என்ற செயற்கைக்கோளை அனுப்பியது. அதன் பின் வரிசையாகப் பல சென்றிருக்கின்றன. 2009 முதல் ‘புவன்’ என்ற இணையத் தளத்தில் பொது மக்களும் இந்தியாவின் படத்தைப் பார்க்கலாம்.

சட்டமும் படத்தைத்தான் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுப்பணித் துறையின் ஏரிகளை அளந்து, எல்லையைப் படத்தில் குறிக்க வேண்டும். அதன் பிறகே ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்பது அதன் முறை. எல்லை தெரியாமல் யாரை விலகச் சொல்வது?

அரை டன் கருவி

இந்தப் படங்கள் ஒரே நாளில் வந்தவை அல்ல. சோழர் காலத்திலேயே நிலத்தைக் கோல் கொண்டு அளந்து கல்வெட்டில் பொறித்தார்கள். 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. பின்னாளில் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியாக வளர்ந்தது அதுதான்.

1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். முதல் கோடு எங்கே போட்டார் தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில், பரங்கிமலை அருகில்தான்! அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 12 கிலோ மீட்டர். கோணம் பார்க்க அவர் வைத்திருந்த கருவியின் எடை அரை டன். 1808-ல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது அது மோதி நெளிந்துவிட்டது. லாம்டன் வாரக் கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சரி செய்தார்!

அவருக்குப் பிறகு ஊர் ஊராகச் சங்கிலி போட்டு அளந்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ‘புலப்படம்’ வரைந்தார்கள். கல்லுக்குக் கல் எவ்வளவு தூரம் என்று அதில் எழுதினார்கள். இன்று கம்ப்யூட்டரில் இருக்கும் படத்துக்கு அடிப்படை, வெயிலில் சங்கிலி இழுத்த அந்த மனிதர்களின் உழைப்புத்தான்.

“பெரியவருக்குத்தான் தெரியும்!”

நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் அன்றாடம் என்ன வேலை? தண்ணீர், விளக்கு, சாலை, சாக்கடை, குப்பை, வரி. இவை ஒவ்வொன்றிலும் ‘எங்கே?’ என்ற கேள்வி இருக்கிறது.

பல ஊர்களில் கேட்கும் பேச்சு இது:

“மேலத் தெருவுக்கு வால்வு எங்கேப்பா இருக்குது?”

“பெரியவருக்குத்தான் தெரியும் தலைவரே! அவரு மகன் வீட்டுக்குப் போயிட்டாரு.”

முப்பது வருஷம் தண்ணீர் திறந்துவிட்ட பெரியவரின் தலைக்குள் ஊரின் குழாய்ப் படம் முழுவதும் இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் படமும் போய்விடும். பிறகு குழாய் உடைந்தால் நாலு இடத்தில் தோண்டுவார்கள். அவர் இருக்கும்போதே ஒரு நாள் கூடவே நடந்து, வால்வுகளைச் செல்போனில் குறித்துக்கொண்டால் போதும். அந்த அறிவு ஊருக்குச் சொத்தாகிவிடும்.

விளக்குக்கும் இதே கதைதான். “கோவில் பக்கத்துக் கம்பம் எரியவில்லை” என்றால் எந்தக் கோவில், எந்தக் கம்பம்? கம்பத்துக்கு நம்பர் போட்டுப் படத்தில் ஏற்றியிருந்தால் வயர்மேன் நேரே அங்கே போய் நிற்பார்.

வீட்டு வரியையும் பாருங்கள். ஆளில்லாமல் பறக்கும் டிரோனை விட்டு, மேலிருந்து வீடுகளைப் படம் எடுக்கிறார்கள். வரிக் கணக்கில் ஓட்டு வீடு. படத்தில் இரட்டை மாடி! மாடி கட்டியவர் ஓட்டு வீட்டுக்கான வரியையே கட்டினால், அந்தப் பாரம் ஒழுங்காகக் கட்டுகிறவர்மேல் விழும்.

காகிதத்தில் மட்டும் குளம் வெட்டியதாகப் பழைய கதைகள் உண்டு. அதற்கும் ஒரு கடிவாளம் வந்தது. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில், வேலைக்கு முன்னும் நடக்கும்போதும் முடிந்த பிறகும் படம் எடுத்து, இடத்தின் குறியீட்டோடு ‘புவன்’ படத்தில் ஏற்றும் முறை கொண்டுவரப்பட்டது. 2016-ல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலும், வீடு எழும்ப எழும்ப இப்படிப் படம் எடுக்கிறார்கள். பஞ்சாயத்துகள் திட்டம் போடுவதற்கென்றே 2019-ல் ‘கிராம் மான்சித்ரா’ என்ற வரைபடத் தளத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது.

காலராவைப் பிடித்த புள்ளிகள்

படம் உயிரையும் காக்கும். 1854-ல் லண்டனில் ஒரு வட்டாரத்தில் காலரா பரவியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். காற்றில்தான் நோய் வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பின்மேல் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. உள்ளூர் அதிகாரிகளிடம் பேசி அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். பிறகு, இறந்தவர்களின் வீடுகளை ஒரு படத்தில் குறித்துக் காட்டினார். குறிகள் அந்தப் பம்பைச் சுற்றியே மொய்த்திருந்தன!

இன்று டெங்கு காய்ச்சலுக்கும் அதே வித்தைதான். காய்ச்சல் கண்ட வீடுகளைப் படத்தில் குறித்தால், எந்தத் தெருவில் முதலில் கொசுவை ஒழிக்க வேண்டும் என்று புள்ளிகளே சொல்லிவிடும்.

வெள்ளம் வந்த நாள்

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் கணக்குப் பார்த்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டி மீட்டர் மழை பெய்திருந்தது! சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின.

அந்த நேரத்தில் அதிகாரிகளுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும்? எந்தத் தெரு பள்ளம்? எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது? எந்தப் பாலம் முதலில் மூழ்கும்? மழை வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். வெயில் காலத்திலேயே படத்தில் குறித்து வைத்திருக்க வேண்டும். 2018-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘டி.என். ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு, இடத்தை வைத்து எச்சரிக்கை சொல்வதற்காகவே வந்தது.

படம் பொய் சொல்லுமா?

சொல்லும்! தவறாக ஏற்றினால் தவறாகவே காட்டும். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நேர்ந்த பிழைகளைத் திருத்தக் குடும்பங்கள் பல ஆண்டுகள் ஆபீசுக்கு நடந்திருக்கின்றன. அந்தப் பிழையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் பிழை மறையாது.

இன்னொன்றும் உண்டு. செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகலாம். கம்பத்தையும் குளத்தையும் கண்டுபிடிக்க அது போதும். அண்ணன் தம்பி வரப்புத் தகராறுக்கு அது உதவாது! அதற்கு சர்வேயர்தான் முறையான கருவியோடு வந்து கல்லைப் பார்த்து அளக்க வேண்டும்.

வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் ஏழையையும் படம் ஒரு புள்ளியாகவே காட்டும். எல்லைக் கோடு எங்கே என்று அது சொல்லும். அந்தக் குடும்பத்துக்கு மாற்று இடம் எங்கே என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம்

உங்கள் நிலத்தின் பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவு இணையத் தளத்தில் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் தெரிந்தால் போதும். படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு, பெயர் சரியா, பரப்பு சரியா, உட்பிரிவு சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் தாலுகா ஆபீசில் மனுக் கொடுங்கள். தந்தை இருக்கும்போதே பார்ப்பது நல்லது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஊர்ப் பொதுச் சொத்துக்கும் ஒரு நாள் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று ஊர்ப் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஏரி எது, வரத்து வாய்க்கால் எது, அது இன்று எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

பதில் கிடைக்கவில்லையா? படத்தை எடுத்துக்கொண்டு எல்லோருமாக வாய்க்கால் கரையோடு நடந்து பாருங்கள். மார்ச் மாதத்தில் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். தடை எங்கே என்று பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை!