'வாழைப்பழம்' என்று சொல்ல மூளை படும் பாடு... பேச்சு குழறினால் ஏன் காத்திருக்கக் கூடாது?

'வாழைப்பழம்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முழுதாக ஒரு நொடிகூட ஆகியிருக்காது. ஆனால், அதற்குள் வாய்க்குள் நடந்து முடிந்த வேலைகளைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள்.

'வா'வுக்குக் கீழுதடு மேல்பல்லை உரச வேண்டும். 'ழை'க்கு நாக்கின் நுனி பின்பக்கம் வளைய வேண்டும். ஆனால், அண்ணத்தில் ஒட்டிவிடக் கூடாது. ஒட்டினால் 'ளை'. (பலரும் 'வாளப்பளம்' என்று சறுக்குவது இங்கேதான்!) 'ப்ப'வுக்கு இரண்டு உதடுகளும் இறுக மூட வேண்டும், அந்தக் கண நேரம் குரல்நாண்கள் அதிர்வதை நிறுத்த வேண்டும். கடைசி 'ம்'முக்கு அண்ணத்தின் பின்பகுதி கீழே இறங்கி, காற்றை மூக்கு வழியாக அனுப்ப வேண்டும். இவ்வளவும் நடக்கும்போதே நெஞ்சும் வயிறும் காற்றை அளந்து அளந்து மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும்.

பேசுவதற்குச் சுமார் 100 தசைகள் சேர்ந்து உழைக்கின்றன. இத்தனைக்கும் உத்தரவு ஒரே இடத்திலிருந்து கிளம்புகிறது. உச்சந்தலையிலிருந்து காது வரை ஹேர்பேண்ட் போட்டதுபோல் மூளையின் மேல்பரப்பில் ஒரு பட்டை இருக்கிறது. கை, கால், முகம் என்று ஒவ்வோர் உறுப்பையும் அசைக்க அதில் தனித்தனி இடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே இந்த வரைபடத்தைத் தயாரித்தார். முதுகு, இடுப்பு போன்ற பெரிய பகுதிகளுக்கு அதில் கொஞ்சம் இடம்தான். விரல்கள், உதடுகள், நாக்கு இவைதான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. நுணுக்கமான வேலை செய்கிறவருக்குத்தானே பெரிய அலுவலகம் தேவை!

அங்கிருந்து புறப்படும் உத்தரவுகள் மூளையின் அடித்தண்டுக்கு வந்து, நரம்புகள் வழியே பிரிகின்றன. தாடைக்கு 5-வது நரம்பு, உதட்டுக்கும் முகத்துக்கும் 7-வது, குரல்வளைக்கு 10-வது, நாக்குக்கு 12-வது. இதில் 10-வது நரம்பின் வழி கொஞ்சம் வேடிக்கையானது. இடது குரல்நாணுக்குப் போகும் கிளை, கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால்தான் நெஞ்சுக்குள் இருக்கும் கட்டிகூட சிலருக்குக் குரல் கம்மலாக வெளிப்படுகிறது. தைராய்டு அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் கவனமாகத் தேடிக் காப்பாற்றுவதும் இந்த நரம்பைத்தான்.

தசையை அசைக்கும் உத்தரவு ஒருபக்கம் இருக்கட்டும். என்ன சொல்லப்போகிறோம் என்பதை வார்த்தையாகக் கோப்பது யார்?

21 வருடங்கள், ஒரே சொல்

1861-ல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளியை, பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் பரிசோதித்தார். என்ன கேட்டாலும் அந்த மனிதரிடமிருந்து 'டான்... டான்...' என்றுதான் பதில் வந்தது. வலது கையும் காலும் செயலிழந்திருந்தன. ஆனால், கேட்பதெல்லாம் புரிந்தது. 'இங்கே எத்தனை வருடங்களாக இருக்கிறீர்கள்?' என்று கேட்டதற்கு, இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். 21 வருடங்கள். மிகச் சரியான கணக்கு!

சில நாள்களில் அவர் இறந்துபோக, மூளையை எடுத்துப் பார்த்த ப்ரோக்கா, இடப்பக்க முன்பகுதியில் பாதிப்பு இருப்பதைக் கண்டார். இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான். 2007-ல் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அதே மூளையை எம்.ஆர்.ஐ ஸ்கேனில் பார்த்தபோது, பாதிப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்ததைவிட ஆழமாகப் போயிருந்தது தெரிந்தது. பேச்சு ஒரே ஒரு அறையில் குடியிருப்பதில்லை என்பது இன்றைய புரிதல்.

லெபோர்னிடம் இன்னொரு விஷயமும் இருந்தது. தான் சொல்ல வந்தது எதிராளிக்குப் புரியவில்லை என்று கோபம் தலைக்கேறினால், ஒரு வசவு மட்டும் தெளிவாக வாயிலிருந்து வந்துவிழும். பழகிப்போன வசவு, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது போன்றவை, நாமாகக் கோத்துப் பேசும் பேச்சுப் பாதையை முழுதாக நம்பியிருப்பதில்லை. பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலர், 'தண்ணி வேணும்' என்று சொல்ல முடியாமல் திணறினாலும் பழைய பாட்டைப் பாடிவிடுவது இதனால்தான். ராகம்போட்டுச் சொல்லவைத்து, மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவரும் பயிற்சியே பேச்சு சிகிச்சையில் இருக்கிறது.

வீடுகளில் நடக்கும் பெரிய தவறும் இங்கேதான். பேச முடியாத அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக் கத்துவார்கள். அல்லது 'அவருக்கு ஒண்ணும் புரியாது' என்று அவரை வைத்துக்கொண்டே சொத்து, செலவு எல்லாம் பேசுவார்கள். சிலருக்குப் புரிதலும் பாதிக்கப்படும் என்பது உண்மை. ஆனால், பலருக்கு எல்லாமே புரிந்துகொண்டிருக்கும். 'சாப்பாடு வேணுமா, காபி வேணுமா?' என்று கேட்டுவிட்டுத் தலையசைக்க நேரம் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு வகையில், வார்த்தைகள் பத்திரமாக இருக்கும்; தசைகள்தான் ஒத்துழைக்காது. பேச்சு குழறும். பார்கின்சனில் குரல் தேய்ந்து முணுமுணுப்பாகும். மயஸ்தீனியா என்ற நோயில் பேசப் பேசக் குழறி, ஓய்வெடுத்தால் தெளியும். மது குடித்தவரின் நாக்கு குழறுவது, அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை தள்ளாடுவதால். பக்கவாதம் வந்து தெருவில் தடுமாறுபவரை 'தண்ணி போட்டிருக்கார்' என்று கடந்துபோகிறவர்களும் உண்டு. அந்த அலட்சியத்துக்கு ஓர் உயிர் விலையாகலாம்.

கடிகாரத்தைப் பாருங்கள்

திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் சரிந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையில்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிவதாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைப்பில், தகுதியான சிலருக்கு அதன் பிறகும் கட்டியைக் குழாய்வழியே வெளியே எடுக்க முடியும்.

எனவே, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்கவைக்காதீர்கள். தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள். பேச்சுக்கான தசைகள்தான் விழுங்கவும் உதவுகின்றன, கொடுத்தது நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரையும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். பத்து நிமிடத்தில் பேச்சு தெளிவாகிவிட்டால்கூட மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம்.

108-ஐ அழைத்த கையோடு ஒரு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? காலையில் எழும்போதே குழறியிருந்தால், முதல் நாள் இரவு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரம்தான் கணக்கு. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அது. அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது; நீங்கள்தான் சொல்ல வேண்டும்.